வாசற்கதவுக் கேமரா: வீவக வீட்டுக்கு எவ்வளவு பயன்?

சிங்கப்பூரில், பொது நடைபாதையை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா வைக்க விரும்பும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்பாளர் முன்பு அதற்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ நேராகப் பார்க்காத வகையில் பொருத்தினால், வீவகவிடமோ நகர மன்றத்திடமோ அனுமதி பெறத் தேவையில்லை என்றாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் புளோக்கில் மின்தூக்கியிலிருந்து இறங்கி வீடு வந்து சேரும் தூரத்துக்குள்ளேயே பல வாசல்களில் கேமராக்கள் வந்துவிட்டன. எங்கள் வாசலிலும் ஒன்று இருக்கிறது. அதைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது.

நான் வாங்கியது மின்கலத்தில் இயங்கும் வகை. அழைப்பு மணிப் பொத்தான், கேமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி ஆகிய நான்கும் உள்ளங்கை நீளமுள்ள ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். படமும் அறிவிப்பும் திறன்பேசிச் செயலிக்கு வந்து சேரும். சிம் லிம் சதுக்கத்தில் ஒரு கடையில், நூறு வெள்ளியைச் சற்றே தாண்டிய விலைக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏறக்குறைய இதே அமைப்பில் பல பெயர்களில் பொருள்கள் விற்கப்படுகின்றன. இங்கே சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைப் பதிந்து வைக்கும் கருவி என்ற அளவில் இது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் வட்டாரத்தில் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வைப் பெறுவதற்காக இதை வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானதாக இருக்கும். அதுவும் கடையிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாமல் பயன்படுத்தினால் நிச்சயமாக அப்படித்தான் இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இந்த ஊரில் அச்சத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது. நீங்கள் வசிக்கும் பகுதியில் இரவில் தனியாக நடந்து செல்வதைப் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் பல நாடுகளில் கேட்கிறது. 2025ஆம் ஆண்டு வெளிவந்த அதன் உலகப் பாதுகாப்பு அறிக்கையில், ஆம் என்று பதில் சொன்ன சிங்கப்பூர்வாசிகளின் விகிதம் 98 விழுக்காடு. அதுவே பட்டியலில் முதலிடம். நூற்றில் இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் அச்சமின்றி நடக்கும் ஊரில், வாசலைக் காக்கும் கருவியை யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள்?

எங்கள் மாடியில் கேட்டுப் பார்த்தவரை, திருடனுக்குப் பயந்து வாங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை. இணையத்தில் வாங்கிய பொருளை விநியோக ஊழியர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார், அது வந்ததா இல்லையா என்று அலுவலகத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் ஒருவர். காலணி அடுக்கிலிருந்து ஒரு ஜோடிக் காலணி காணாமற்போன வருத்தம் இன்னொருவருக்கு. வீட்டில் தனியாக இருக்கும் வயதான பெற்றோரை யார் வந்து பார்க்கிறார்கள் என்பது மூன்றாமவரின் கவலை. எங்கள் காரணமும் அதுதான். என் மாமியார் பகலில் தனியாக இருப்பவர்.

இவற்றைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. உரிமம் பெறாமல் வட்டிக்குவிடும் ஆ லோங் கும்பல்கள், கடனாளியின் வாசலில் சாயத்தை ஊற்றுவதும் மாடிப்படிச் சுவரில் மிரட்டல் எழுதுவதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே. கடன் வாங்கியவர் வீடு மாறிப் போன பிறகு, அந்த முகவரியில் புதிதாகக் குடிவந்தவரும், சில வேளைகளில் பக்கத்து வீட்டாரும், செய்யாத கடனுக்குச் சாயத்தைக் கழுவ வேண்டியிருக்கிறது. இத்தகைய தொல்லைக்குச் சட்டம் சிறையோடு பிரம்படியும் விதிக்கிறது. ஆள் அடையாளம் தெரிந்தால்தான் தண்டனை வரும் என்பதால், இந்தத் துன்பத்தில் சிக்கியவருக்கு வாசற்கேமரா உண்மையாகவே உதவும் கருவி. அவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலே வாங்கலாம்.

பொருத்துவது எளிது. வீவக வீட்டில் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கேட் இருப்பதால், பொருத்தும் இடத்தைத் தேர்வதில்தான் யோசனை தேவை. கேட்டுக்கும் கதவுக்கும் இடையில் வைத்தால் படத்தின் பாதியைக் கம்பிகள் மறைக்கும்; இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அந்தக் கம்பிகளிலேயே பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துப் போகும். கேட்டுக்கு வெளியே சுவரில், ஒட்டுப் பட்டையால் ஒட்டினால் போதும். கதவில் துளையிட்டுப் பொருத்தும் வகையும் விற்கிறது. உங்கள் வீட்டுக் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதைத் தொடக் கூடாது, ஏனென்றால் ஒரு துளை போட்டாலும் தீயையும் புகையையும் தடுக்கும் அதன் தகுதி கெட்டுவிடும். வெளியே மின்செருகி இல்லாததால் மின்கலத்தை அவ்வப்போது கழற்றி மின்னேற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது உங்கள் வாசலைக் கடந்து எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஆறு மாதக் கணக்கு, யாருமே நடக்காத நடைபாதைக்குரியது என்று நினைக்கிறேன்.

படத்தின் தரம்பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைபாதை விளக்குகள் இரவு முழுவதும் எரிவதால், இருட்டில் படம் எப்படி இருக்கும் என்ற விற்பனையாளரின் வருணனை நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அகலக் கோண வில்லை என்பதால் வாசலில் நிற்பவரின் முகம் சற்று உப்பித் தெரியும். அடையாளம் காண அது தடையில்லை.

சிக்கல் தொடங்குவது அசைவை உணரும் பகுதியில். இவ்வகைக் கேமராக்களில் பல, மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காக, உடல் வெப்பத்தைக் கண்டுகொள்ளும் உணர்கருவி விழித்தால்தான் படமெடுக்கத் தொடங்கும். சுற்றுப்புற வெப்பத்துக்கும் மனித உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அது பார்க்கிறது. பிற்பகல் வெயில் நேராக விழுந்து சுவர் கொதிக்கும் மேற்குப் பார்த்த நடைபாதையில் அந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது. அப்போது கருவி தாமதமாக விழித்து, விநியோக ஊழியரின் முதுகை மட்டும் படமெடுத்துத் தரும். குளிர்நாட்டு வாசலை மனத்தில் வைத்து வடிவமைத்த பொருள் என்பது அந்த நேரத்தில் புரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் கட்டடங்களின் அமைப்பு. இந்த உணர்கருவி, தன்னை நோக்கி நேராக வருபவரைவிடத் தன் முன்னே குறுக்காகக் கடந்து செல்பவரையே நன்றாகக் கவனிக்கும். தனி வீட்டுக்கு இது பொருந்தலாம். பழைய நீள்புளோக்குகளிலோ, நடைபாதையின் கோடியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் நம் வாசலைக் குறுக்காகக் கடந்துதான் போக வேண்டும். காலையில் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள், சந்தைப் பையோடு திரும்பும் முதியவர்கள், துணி காயப்போட வரும் இல்லப் பணிப்பெண்கள், துப்புரவு ஊழியர், இரவு வேலை முடிந்து வருபவர் என்று நடையாகிக்கொண்டே இருக்கும் இடத்தில், கருவிக்கு ஓய்வே கிடையாது. மின்தூக்கியைச் சுற்றி நான்கு வீடுகள் மட்டும் இருக்கும் கோபுரப் புளோக்குகளில் நடமாட்டம் குறைவு. ஆனால் அங்கே எதிர்வீட்டுக் கதவு நேரெதிரே இருப்பதால், விதியை மீறாமல் கேமராவைத் திருப்பி வைப்பது கடினம். கோடி வீட்டுக்காரருக்குத்தான் இது ஏறக்குறைய எல்லா வகையிலும் பொருந்துகிறது. அவரைக் கடந்து போகிறவர் யாரும் இல்லை, வருகிறவர் அவரைத் தேடித்தான் வருகிறார்.

இப்போது அறிவிப்புகளைப்பற்றி. வாங்கி வந்தபடியே வைத்திருந்தால், ஒவ்வோர் அசைவுக்கும் செயலி ஒரு செய்தி அனுப்பும். ‘உங்கள் வாசலில் அறிமுகமில்லாத நபர்’ என்பது அதன் வாசகம். அடுத்த வீட்டுச் சிறுவன் பந்தைத் துரத்தி வந்தாலும் அவன் அறிமுகமில்லாத நபர். பதினைந்து ஆண்டுகளாகப் பழகிவரும் மலாய்க்கார மக்சிக் (வயதில் மூத்த பெண்மணியை மலாயில் அழைக்கும் சொல்) குப்பை போடப் போனாலும் அவரும் அறிமுகமில்லாத நபர். தீபாவளியன்று வாசலில் அகல்விளக்கு ஏற்றிக் குனிந்து கோலத்தைச் சரிசெய்துகொண்டிருந்த என் மாமியாரே கருவியின் கண்ணுக்கு அந்நியராகத் தெரிந்தார். முகங்களைப் பதிந்து வைத்து இதைத் தவிர்க்கும் வசதி மாதக் கட்டணம் கட்டுபவர்களுக்கு உண்டு. அப்படியானால் பக்கத்து வீட்டாரின் முகங்களையெல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் நாம் ஏற்றிவைக்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் செய்திகள் என் மாமியாரின் திறன்பேசிக்கும் வந்துகொண்டிருந்தன. அதன் விளைவைக் கவனித்தபோதுதான் இந்தப் பொருளின் குணம் எனக்கு விளங்கியது. வீவக வீடுகளில் பகல்நேரத்தில் மரக்கதவைத் திறந்து வைத்து, இரும்புக் கேட்டை மட்டும் பூட்டிக்கொள்வது வழக்கம். காற்று வரும், நடைபாதையில் போகிறவர் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். கேமரா வந்த பிறகு, பகல் முழுவதும் அந்நியர்கள் வாசலில் நடமாடுவதாக ஒரு கருவி சொல்லிக்கொண்டே இருந்ததால், அவர் மரக்கதவையும் மூடத் தொடங்கினார். நடைபாதையில் புதிதாக ஒருவரும் வந்துவிடவில்லை. முன்பு காலடிச் சத்தத்திலேயே ஆளை அறிந்தவருக்கு, அதே ஆள் இப்போது எச்சரிக்கையாக வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். ‘மாப்பிள்ளை, இத்தனை பேர் நம்ம வீட்டு வழியா போறாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே’ என்று அவர் சொன்னது, கருவி வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக விற்பனையாளருக்குத் தோன்றலாம்.

அறிவிப்பு அமைப்புக்குள் போய், அழைப்பு மணியை அழுத்தினால் மட்டும் செய்தி வர வேண்டும் என்று மாற்றி, அசைவுகளைச் சத்தமில்லாமல் நினைவக அட்டையில் பதியும்படி விட்டுவிட்டோம். அதன் பிறகே இது பயனுள்ள பொருளாயிற்று. பொட்டலம் காணவில்லை என்றால் திரும்பிப் பார்க்கலாம். இல்லையென்றால் அது அங்கே இருப்பதை மறந்துவிடலாம். இந்த மாற்றத்தைச் செய்யும் வழி செயலியில் நான்கு அடுக்குகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அறிவிப்பைப் பார்த்து மக்கள் செயலியைத் திறக்கத் திறக்கத்தான் மாதக் கட்டணச் சேவையின் விளம்பரம் அவர்கள் கண்ணில் படும் என்பதால், அதை வெளிப்படையாக வைக்க நிறுவனத்துக்கு ஆர்வம் இராது என்பது என் ஊகம்.

அக்கம்பக்கத்தாரின் உணர்வு தனியாகக் கவனிக்க வேண்டியது. மக்சிக் கேட்ட முதல் கேள்வி, இது பேச்சையும் பதிகிறதா என்பது. பதிகிறது என்பதே உண்மை. நடைபாதையில் நின்று பேசும் குடும்பச் செய்திகள் தெளிவாகவே கேட்கின்றன. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அவரை அழைத்துத் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டினேன். அவர் வாசல் அதில் இல்லை என்பதைப் பார்த்த பிறகே அவர் முகம் தெளிந்தது. தனிநபர் தம் சொந்த வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகள், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளுக்குள் வருவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நம்மைக் கட்டுப்படுத்துவது வீவக விதியும் நம் நாகரிகமும்தான். அதற்காகக் கேட்பாரில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. தொல்லை தரும் நோக்கத்தோடு அடுத்தவரைக் கண்காணித்தால் துன்புறுத்தலுக்கு எதிரான 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அண்டை வீட்டார் தகராறுகளுக்கென்றே 2015இல் தொடங்கிய தீர்ப்பாயமும் இருக்கிறது. வாங்கும் முன் இருபக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, அந்தத் தீர்ப்பாயத்தின் படியேறுவதைவிட மிகச் சுலபம்.

வெளியே இருப்பவரைப் பார்க்க வாங்கிய கருவி வழியாக வெளியே இருப்பவர் நம்மைப் பார்ப்பதும் நடந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், ஊடுருவப்பட்ட வீட்டுக் கேமராக்களின் காட்சிகள் ஆபாசத் தளங்களில் விற்கப்பட்டபோது, அவற்றில் சில சிங்கப்பூர் வீடுகளைச் சேர்ந்தவை என்பது தெரியவந்தது. இணையப் பாதுகாப்பு அமைப்பு அதே மாதத்தில் தொடங்கிய தரமுத்திரைத் திட்டம் இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். நான்கு நிலைகள் கொண்ட அந்த முத்திரையில், முதல் இரண்டு நிலைகள் தயாரிப்பாளரின் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டவை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பவை முதல் நிலையின் அடிப்படைத் தேவைகள். மூன்றாம், நான்காம் நிலைகளுக்குத் தனி ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்க்கிறது. கடைக்காரரிடம் பிக்சல் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னால் இந்த முத்திரையைத் தேடுங்கள். முத்திரையே இல்லாத மலிவான கருவியை வீட்டுக்குள் வரவேற்பறையை நோக்கி வைப்பதைவிடக் கேமராவே இல்லாமல் இருப்பது மேல்.

இனி, இந்தக் கேமரா எந்த இடைவெளியை நிரப்புகிறது என்று பார்ப்போம். 1983இல் தோ பாயோவில் கே போங் அக்கம்பக்கப் போலிஸ் சாவடி திறக்கப்பட்டபோது, ஜப்பானின் கோபான் (வட்டாரச் சிறு போலிஸ் சாவடி) முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு வட்டாரத்திலும் தெரிந்த முகமாகப் போலிஸ்காரர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. 2012 முதல் அதனோடு போலிஸ் கேமராக்கள் சேர்ந்தன. 2016க்குள் சுமார் 10,000 வீவக புளோக்குகளிலும் பலமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் அவை பொருத்தப்பட்டன. 2030களின் நடுப்பகுதிக்குள் எண்ணிக்கையை 200,000 ஆக உயர்த்துவது திட்டம். ஆக, கட்டடத்துக்குள் யார் நுழைந்தார், யார் வெளியேறினார் என்பதற்கு வலுவான பதிவு ஏற்கெனவே இருக்கிறது. நம் கேமரா கூடுதலாகச் சொல்வது, நுழைந்தவர் நம் வாசலில் நின்றாரா என்ற ஒன்றை மட்டுமே. ஆ லோங் தொல்லையில் அது பெரிய செய்தி. காலணி திருட்டில் நடுத்தரம். மற்ற நாள்களில் அது செய்தியே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது பணம் பறிபோவது வாசல் வழியாக அல்ல. 2024ஆம் ஆண்டில் இங்கே மோசடி குறித்துப் பதிவான சம்பவங்கள் 51,501. இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். வங்கி அதிகாரி என்றும் போலிஸ் என்றும் சொல்லிக்கொண்டு தொலைபேசியில் வருபவர் கேட்டையும் தட்டுவதில்லை, கேமராவின் முன்னாலும் நிற்பதில்லை. என் மாமியாருக்கு நேர்ந்த ஒரே உண்மையான ஆபத்தும் ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் வந்தது. அவருடைய பெயரில் ஒரு வழக்கு இருப்பதாக எதிர்முனையில் ஒரு குரல் அதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கேமரா அடுத்த வீட்டுப் பூனையை அக்கறையாகப் பதிந்துகொண்டிருந்தது. அறிவிப்புகள் நின்ற பிறகு மீண்டும் திறந்திருந்த கதவு வழியாக அவரது பதற்றக் குரலைக் கேட்டு மக்சிக் உள்ளே வந்து, தொலைபேசியை வாங்கி வைத்ததால் பணம் தப்பியது. மோசடி அழைப்புகளைத் தடுக்க உதவும், காசு செலவில்லாத ஸ்கேம்‌ஷீல்டு செயலியை அவருடைய திறன்பேசியில் ஏற்றி, சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். முதியவரைத் தனியாக விட்டுச் செல்பவர் கேமரா வாங்கும் எண்ணத்தில் இருந்தால், முதலில் இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகட்டும்.

அப்படிப் போகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். ஆ லோங் தொல்லை உள்ளவர், அடிக்கடி பொட்டலம் பெறுபவர், நடைபாதையின் கோடி வீட்டுக்காரர் ஆகியோர் தயங்காமல் வாங்கலாம். நீள்புளோக்கின் நடுவீட்டுக்காரர், அசைவு அறிவிப்பை அணைத்து வைக்க ஒப்புக்கொண்டால் வாங்கலாம். மனத்துக்குத் தைரியம் வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேண்டாம். மாதக் கட்டணச் சேவையில் சேராமல், நினைவக அட்டையில் பதியும் வகையையே தேர்ந்தெடுங்கள். அந்த அட்டை வெளியே இருக்கும் பெட்டிக்குள் அல்லாமல், வீட்டுக்குள் வைக்கும் மணிப்பெட்டியில் இருக்கும்படியான அமைப்பாகப் பாருங்கள். கேமராவையே ஒருவர் பிய்த்துக்கொண்டு போய்விட்டால் பதிவும் கூடவே போய்விடும். வீடு மாறும்போதோ கருவியை விற்கும்போதோ, அட்டையை எடுத்துவிட்டு, செயலியிலிருந்து கணக்கையும் முழுவதுமாக நீக்கிவிடுங்கள். கணக்கை நீக்காமல் விற்ற கருவி, புதிய உரிமையாளரின் வாசலைப் பழைய உரிமையாளருக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.